நாள் முழுதும் ஈரமாகவே இருக்கும் உடை: நெடுந்தூர ட்ரையத்லானுக்கு எதை அணிவது?

1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் கடலில் இறங்கினார்கள். அந்தத் தீவில் அதுவரை தனித்தனியாக நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒரே நாளில் அடுத்தடுத்து முடித்துவிடுவது என்று ஏற்பாடு: வைக்கிக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயம், ஹொனலுலு மாரத்தான். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது. அயர்ன்மேன் என்ற பெயரில் இன்று உலகம் முழுக்க நடக்கும் நெடுந்தூர ட்ரையத்லான் போட்டிகளின் பிறப்பு இதுதான்.

மூன்று விளையாட்டுகளைச் சேர்த்துத் தைத்தவர்கள் உடையைச் சேர்த்துத் தைக்கவில்லை. மூன்றுக்கும் சேர்த்து அணியும் ட்ரை சூட் என்ற ஒன்று அன்று கிடையாது. நீந்துகிறவருக்கு உடம்பில் துணி எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சைக்கிள் மிதிப்பவருக்கு இருக்கைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே மெத்தென்று ஏதாவது வேண்டும். ஓடுகிறவருக்குக் காற்றோட்டம் வேண்டும். தொடைகளுக்கு நடுவே எதுவும் துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது. கடைகளில் இப்போது தொங்கும் ட்ரை சூட், இந்த மூவரையும் உட்காரவைத்துப் பேசி முடித்த சமரசம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் போட்டியில் அந்தச் சமரசத்தின் குறை தெரியாது. பதினைந்து மணி நேரப் போட்டியில் அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

தூரத்தைப் பார்த்து உடை வாங்குகிறவர்களே அதிகம். ஆனால் உடையைத் தீர்மானிப்பது நேரம். முழு அயர்ன்மேன் போட்டி என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். கால வரம்பு பொதுவாக 17 மணி நேரம். ‘70.3’ என்று மைல் கணக்கில் அழைக்கப்படுவது அதில் சரிபாதி. 2022இல் ஹவாயின் கோனாவில் உலகப் பட்டம் வென்ற நார்வே வீரர் கஸ்டவ் ஈடன், முழுத் தூரத்தையும் 7 மணி 40 நிமிடத்தில் முடித்தார். அவர் கோட்டைத் தாண்டும் நேரத்தில், வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி எடுத்து அதே தூரத்துக்கு வருகிற ஒருவர் இன்னும் சைக்கிளிலிருந்து இறங்கியிருக்க மாட்டார். மாரத்தான் முழுவதும் பாக்கி இருக்கும். ஈடன் அணிந்ததைப் பார்த்து அவரும் அதே உடையை வாங்கினால், ஏழரை மணி நேரத்துக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றை இரண்டு மடங்கு நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். தொழில்முறை வீரருக்கு ஒரு நிமிடம் பரிசுத்தொகை. நமக்கு ஒரு நிமிடம் ஒரு நிமிடம்தான்.

இந்தப் போட்டிகளின் உடைப் பிரச்சினை எல்லாவற்றுக்கும் மூலம் ஈரம். காலையில் நீச்சலில் நனைகிற துணி, வறண்ட ஊர்களில் சைக்கிள் ஏறிய சற்று நேரத்தில் காய்ந்துவிடும். நம் பக்கத்து ஆட்கள் போய்வரும் போட்டிகள் அப்படிப்பட்ட ஊர்களில் நடப்பதில்லை. கோவாவில் 2019 முதல் நடக்கும் 70.3, மலேசியாவின் லங்காவியில் நடக்கும் முழுப் போட்டி, 2018இல் கொழும்பில் நடந்த 70.3 எல்லாமே வெப்பமண்டலக் கடற்கரைகள். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் இடங்கள். அங்கே கடல்நீர் காய்வதற்குள் வியர்வை சேர்ந்துவிடும், வியர்வை காய்வதற்குள் தலையில் ஊற்றிக்கொண்ட தண்ணீர் சேர்ந்துவிடும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் பயிற்சி செய்கிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதே ஒரு லிட்டர் சொட்டுச் சொட்டாக ஷூவுக்குள் வடிந்தால் குளிர்ச்சி ஏதும் இல்லை, கொப்புளம்தான் மிச்சம். துணி செய்யக்கூடிய உதவி ஒன்றுதான்: வியர்வையை ஓரிடத்தில் தேங்கவிடாமல் பரப்பி, மெல்லிய படலமாக்கி, காற்றுக்குக் காட்டுவது. காற்று அடித்தால்தான் அதுவும் நடக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் போகும்போது எந்தச் சுமாரான உடையும் குளுகுளுவென்றுதான் இருக்கும். அதே உடையோடு நண்பகல் வெயிலில் இறங்கி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியதும் அது உடம்பில் சுற்றிய பாலிதீன் ஆகிவிடும். ஆகவே ஒரு ட்ரை சூட்டின் தரத்தைச் சைக்கிளில் வைத்து எடைபோடக் கூடாது. ஓட்டத்தின் இரண்டாம் பாதிதான் அதற்குப் பரீட்சை. கடையில் கண்ணாடி முன் நின்று பார்த்து வாங்குவதற்கும் அந்தப் பரீட்சைக்கும் சம்பந்தமே இல்லை.

பருத்தி என்றால் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போனது. திருப்பூர் பனியனைப் போட்டு வளர்ந்தவர்களுக்குப் பாலியெஸ்டர் என்றாலே வேர்க்குரு நினைவுக்கு வரும். அன்றாட வாழ்க்கைக்கு அந்த எண்ணம் சரி. சாதாரண அறைச் சூழலில் பருத்தி இழை தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். நைலான் 4 சதவீதம். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் பருத்தியின் இந்தக் குணம் சுகம். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்க்கும் மனிதருக்கு அதுவே பாரம். இழைக்குள்ளேயே நீர் புகுந்துவிடுவதால் துணி கனத்துத் தொங்கும், உரசும், காயவே காயாது. பாலியெஸ்டரில் நீர் இழைகளுக்கு இடையில்தான் நிற்கும். அசைந்தால் பரவும், காற்றடித்தால் போகும். ட்ரை சூட்டுகள் பெரும்பாலும் பாலியெஸ்டரோ நைலானோ, அதோடு இழுத்தால் நீள்வதற்காக எலாஸ்டேன் கலந்தவை. லைக்ரா என்று நாம் சொல்வது இந்த எலாஸ்டேனைத்தான். நைலான் தோலுக்கு மென்மை, உராய்வைத் தாங்கும். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும். கடல் நீச்சல், ஈரக்காற்று, நீண்ட ஓட்டம் என்றால் நான் பாலியெஸ்டர் பக்கம் சாய்வேன். இருக்கையில் படும் பகுதியில் மட்டும் நைலான் வைத்துத் தைத்த உடைகளும் உண்டு. அது புத்திசாலித்தனமான வேலை.

அடுத்தது தையல். விலைச்சீட்டில் துணியைப் பற்றி ஏதேதோ அச்சடித்திருப்பார்கள், தையலைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. உடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, மணிக்கட்டின் உள்பக்கத்தை, அதாவது நரம்பு தெரியும் மெல்லிய தோலை, தையல் மேல் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓவர்லாக் தையல் என்றால் நூல் ஒரு சின்ன வரப்பாக எழுந்து நிற்கும், மணிக்கட்டில் நெருடும். பிளாட்லாக் தையலில் இரண்டு துணி விளிம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும். மேலே ஏணிபோல நூல் ஓடினாலும் மேடு இருக்காது. பனியன் கம்பெனி வேலை தெரிந்தவர்கள் கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். முக்கியமாக நான்கு இடங்கள்: அக்குள், உள்தொடை, ஜிப் முடியும் கழுத்துப் பகுதி, மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டை. இந்த நான்கில் எங்கே நெருடினாலும் அந்த உடை, எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும், வேண்டாம். கழுத்தின் பின்னால் இருக்கும் துணிச்சீட்டையும் வாங்கிய அன்றே பிரித்து எடுத்துவிடுங்கள். கத்தரித்தால் அதன் வேர் நின்று குத்தும்.

இவ்வளவு சின்ன நெருடலுக்கா இந்தப் பாடு என்று தோன்றலாம். நிமிடத்துக்கு 80 சுற்று வீதம் ஆறரை மணி நேரம் பெடலை மிதித்தால் 31,000 சுற்றுக்கு மேல் ஆகிறது. மாரத்தானில் 40,000 அடிகளாவது எடுத்து வைக்கிறோம். ஒவ்வொன்றிலும் தொடையும் கையும் அதே இடத்தில் அதே துணியோடு ஒரு முறை உரசுகின்றன. உலர்ந்த தோலைவிட ஈரம் பட்ட தோலில் உராய்வு அதிகம். அதோடு கடல் உப்பு, வியர்வை உப்பு இரண்டும் காய்ந்து பொடிப்பொடியாகத் துணிக்கும் தோலுக்கும் நடுவே நிற்கின்றன. ஓட்டத்தின் நடுவில் இது தெரியாது. வலி பல இடத்தில் இருப்பதால் மூளை இதைப் பட்டியலின் கடைசியில் வைத்திருக்கும். முடித்துவிட்டு ஷவரைத் திறந்து முதல் தண்ணீர் அக்குளில் படும்போதுதான் காந்தும். தோல் எங்கெங்கே வழண்டு போயிருக்கிறது என்று அப்போதுதான் ஒரு வரைபடமே கிடைக்கும்.

தொளதொளவென்று இருந்தால் சுகம் என்று நினைப்பதும் இங்கே பொய்த்துப்போகிறது. இறுக்கமான துணி தோலோடு சேர்ந்தே நகரும். தளர்ந்த துணி தோலின் மேல் நகரும். உராய்வு வருவது இரண்டாவதில்தான். கடையில் உலர்ந்த நிலையில் போடும்போது கொஞ்சம் பிடிப்பது போலத் தோன்ற வேண்டும், ஏனென்றால் நனைந்ததும் துணி தளரும். ஆனால் வயிற்றில் அந்தப் பிடிப்பு கூடாது. சைக்கிள் கைப்பிடியிலிருந்து முன்னால் நீண்டிருக்கும் ஏரோ பாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்து கிடக்கும் நிலையில், இறுக்கமான வயிற்றுப் பகுதி இரைப்பையை அழுத்தும். ஆறு மணி நேரம் சாப்பாட்டுக்குப் பதிலாக இனிப்பு ஜெல்லும் இனிப்பு நீரும் குடித்துக்கொண்டிருப்பவருக்கு அது குமட்டலில் போய் முடியும். ஆகவே உடையை நின்று போட்டுப் பார்ப்பதோடு விடாமல், கடையிலேயே குனிந்து, நாற்காலியில் கவிழ்ந்து உட்கார்ந்து, கைகளை மேலே தூக்கி நீந்துவது போல இழுத்துப் பாருங்கள். விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும். தொடையின் கீழ் விளிம்பில் ரப்பர் பிடிப்பு இருந்தால் அது அகலமாக இருக்கட்டும். மெல்லிய பிடிப்பு சதையை வெட்டிக்கொண்டு நிற்கும், மாலையில் கால் வீங்கும்போது இன்னும் மோசம்.

இப்போது பேட். சைக்கிள் ஷார்ட்ஸில் உட்காரும் இடத்தில் மெத்தைபோல இருக்கும் தடித்த பேட் உலர்ந்திருக்கும் வரை அருமை. அதோடு நீந்தினால் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். ஓடும்போது குழந்தையின் நனைந்த டயப்பர்தான். அதனால்தான் ட்ரை சூட்டில் பேட் மெலிதாக, நீர் தங்காத வகையில் வைக்கப்படுகிறது. அரைத் தூரமான 90 கிலோமீட்டருக்கு இது போதும். 180 கிலோமீட்டருக்குப் போதுமா என்பது ஆளைப் பொறுத்தது. அதைவிட இருக்கையைப் பொறுத்தது. இருக்கை சரியில்லாதவர் பேட்டைத் தடிமனாக்கித் தப்பிக்கப் பார்ப்பது வீண். பேட்டுக்குள் ஜட்டி போடக் கூடாது என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஜட்டியின் தையல் உட்காரும் இடத்திலேயே வருகிறது. அந்தத் தையலின் மேல் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரே துண்டா, இரண்டு துண்டா என்ற விவாதத்தில் பலரும் காற்றுத்தடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரே துண்டு உடை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்பது உண்மை. இடுப்பில் சட்டை மேலேறி முதுகின் கீழ்ப்பகுதி வெயிலில் வெந்துபோகும் தொல்லையும் அதில் இல்லை. ஆனால் பதினான்கு மணி நேரத்தில் யாரும் கழிவறைக்குப் போகாமல் இருக்க முடியாது. முழு ஜிப்பையும் இறக்கி, வியர்வையில் ஒட்டிக்கொண்ட கைகளை உரித்து, இடுப்பு வரை உருட்டி இறக்கி, வெயிலில் கொதிக்கும் பிளாஸ்டிக் கழிவறைக்குள் நின்றுகொண்டு அதைத் திரும்ப மேலே இழுப்பது ஒரு தனிப் போட்டி. ஈரத் தோலில் லைக்ரா ஏறாது. கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். பெண்களுக்கு ஒவ்வொரு முறையும் இந்தப் பாடு என்பதால், முழுத் தூரத்துக்கு இரண்டு துண்டு உடையே நல்லது என்பது என் கருத்து. கழிவறை நேரத்தை மனத்தில் வைத்துத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வெயிலில் அது ஆபத்து. உடை அந்த நிலைக்குத் தள்ளக் கூடாது. மாதவிடாய் நாளில் போட்டி வந்தால், அடர்நிற ஷார்ட்ஸ், கப் அல்லது டாம்பூன், மாற்றிக்கொள்ள ஒன்று மாற்றுப் பையில் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது நல்லது. சாதாரண நாப்கின் நீச்சலிலேயே ஊறிப் போய்விடும். ஸ்போர்ட்ஸ் பிராவில் நுரைத் திண்டு இருந்தால் உருவிவிடுங்கள். அது தண்ணீரைத் தேக்கி மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். இதயத்துடிப்புப் பட்டை கட்டுகிறவர்கள் பிராவின் கீழ்ப்பட்டையும் அந்தப் பட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து அறுக்கும் கோடு ஆறப் பல நாள் ஆகும்.

உடை மாற்றலாமா கூடாதா? முழுத் தூர அயர்ன்மேன் போட்டிகளில் இரண்டு பைகள் தருவார்கள்: நீச்சல் முடிந்ததும் எடுக்க நீலம், சைக்கிள் முடிந்ததும் எடுக்கச் சிவப்பு. உடை மாற்ற ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடாரம் உண்டு. நேரம் போகிறதே என்று பலர் அந்தக் கூடாரத்தை ஓடிக் கடக்கிறார்கள். நான் சொல்வது, 70.3இல் ஓடிக் கடந்துவிடுங்கள். முழுத் தூரத்தில் 13 மணி நேரத்துக்கு மேல் எடுப்பவராக இருந்தால் உட்கார்ந்து மாற்றுங்கள். நீச்சலுக்குப் பின் துண்டால் துடைத்து, நல்ல பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ், பின்பக்கப் பைகள் உள்ள ஜெர்சி. சைக்கிளுக்குப் பின் உலர்ந்த ஓட்ட ஷார்ட்ஸ், மெல்லிய மேலுடை, புதுச் சாக்ஸ். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பத்து நிமிடம் கூடுதலாகப் போகும். அந்தப் பத்து நிமிடத்தை, தொடை எரிகிறதே என்று மாரத்தானில் காலை அகட்டி நடந்து இழக்கிறவர்கள் மிக எளிதாக இழக்கிறார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஈர உடம்பில் இறுக்கமான உடையை ஏற்றுவது கூடாரத்துக்குள்ளும் கழிவறைக் கதைதான். சைக்கிள் மேலுடை முழு ஜிப் உள்ளதாக இருக்கட்டும். தலைவழியாகப் போடும் எதையும் நீலப் பையில் வைக்காதீர்கள்.

கூடாரத்துக்கு வெளியே உடம்பைத் திறந்து காட்டுவது விதிமீறல். சைக்கிளிலும் ஓட்டத்திலும் வெற்று மார்போடு போகக் கூடாது. வெக்கை தாங்காமல் ஜிப்பை இறக்கிக்கொள்ளலாம், முழுக்கப் பிரித்து விரித்துவிட முடியாது. சைக்கிளிலும் ஓட்டத்திலும் முழங்கால் மறைய, கணுக்கால் வரை லெக்கிங்ஸ் அணிந்து வரத் தடையில்லை. ஆகவே குட்டை உடையில் கூச்சப்படுகிறவர்கள் அதற்காக இந்த விளையாட்டை விட்டு ஒதுங்க வேண்டியதில்லை.

நீச்சலுக்கான ரப்பர் உடை, அதாவது வெட்சூட், பற்றிப் படித்துவிட்டு வாங்க ஓடாதீர்கள். அயர்ன்மேன் விதிப்படி நீரின் வெப்பம் 24.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் அதை அணியலாம். அதற்கு மேல் 28.8 டிகிரி வரை அணிந்தால் வயதுப் பிரிவுப் பரிசுக்குத் தகுதி போய்விடும். 28.8ஐத் தாண்டினால் அனுமதியே இல்லை. தடிமன் 5 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. கோவா, லங்காவிக் கடல்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி எல்லைக்குப் பக்கத்திலோ அதைத் தாண்டியோ இருப்பவை. ட்ரையத்லானுக்கென்றே வெட்சூட்டை முதலில் வடிவமைத்தவர் அமெரிக்காவின் டேன் எம்ஃபீல்ட், 1987இல். குளிர்ந்த நீருக்கு அது வரப்பிரசாதம், மிதக்கவும் வைக்கும். ஐரோப்பாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறவருக்கு அது தேவைப்படும். கழுத்துப் பின்புறத்தில் அது அறுக்கும் என்பதால் அங்கே தடவ உராய்வுத் தடுப்புப் பாம் எடுத்துப் போகட்டும். பெட்ரோலியம் ஜெல்லி ரப்பரைக் கெடுக்கும் என்று வெட்சூட் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். வெட்சூட் இல்லாத நீச்சலில் மேலே போட்டுக்கொள்ளும் மெல்லிய ஸ்விம் ஸ்கின், நெய்த துணியாக இருக்க வேண்டும். ட்ரை சூட்டின் கைப்பகுதியோடு நீந்தலாமா என்பதில் மட்டும் அமைப்புக்கு அமைப்பு விதி வேறுபடுகிறது, அவ்வப்போது மாறவும் செய்கிறது. அந்தந்தப் போட்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கைப்பகுதி என்றதும் சொல்ல வேண்டியது: 1989இல் கோனாவில் மார்க் ஆலனும் டேவ் ஸ்காட்டும் எட்டு மணி நேரம் தோளோடு தோள் நின்று போராடி, 58 விநாடியில் ஆலன் வென்ற புகழ்பெற்ற பந்தயத்தில் இருவரும் ஓடியது கையில்லாத மேலுடையில். இன்று முன்வரிசையில் கையில்லாத உடையைக் காண்பது அரிது. காற்றுத்தடைதான் காரணம். நமக்கு அதைவிட நல்ல காரணம் வெயில். தோள்பட்டையின் மேல்பகுதி குனிந்த நிலையில் மணிக்கணக்கில் சூரியனுக்கு நேராக இருக்கிறது; மெல்லிய துணி அங்கே இருப்பது சன்ஸ்கிரீனைவிட நம்பகமானது, நீச்சலில் கரைந்து போகாது. அக்குளில் தோலோடு தோல் உரசுவதையும் அது தடுக்கும்.

நிறத்தில் வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது தெரிந்ததே. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கிறிஸ்டியன் புளும்மென்ஃபெல்ட் வெள்ளை உடையில்தான் ஓடினார். நனைந்ததும் அது கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதையும் உலகம் பார்த்தது, பேசியது. மேலே வெளிர்நிறம், இடுப்புக்குக் கீழே கருநிறம் என்பதே மானத்துக்கும் வெயிலுக்கும் பொருந்திவரும் ஏற்பாடு.

ஐஸ் கட்டியை நெஞ்சுக்குள் போட்டுக்கொள்வது வெப்பமண்டலப் போட்டிகளில் எல்லோரும் செய்வது, நல்ல பலன் தருவது. உருகும் தண்ணீர் நேராகக் காலுக்கு வரும் என்பதுதான் சிக்கல். தண்ணீரை ஊற்றும்போது இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, தலையிலிருந்து வடிவது பாதத்தில் படாமல் ஊற்றுங்கள். சாக்ஸ் இல்லாமல் ஓடுவது குறுந்தூரக்காரர்களின் வழக்கம். மாரத்தானில் அது வேண்டாம். ஊறி வெளுத்து மடிப்பு மடிப்பாகிவிட்ட பாதத்தோல், ஷூவின் உள்தையலில் பட்டால் உரிந்து வந்துவிடும். விரல்களுக்குத் தனித்தனி உறை உள்ள சாக்ஸ் நல்லது, ஈரக்காலில் அதை ஏற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். ஷூ அரை அளவு பெரிதாக, வலைத்துணியால் ஆனதாக, தண்ணீர் வழிந்தோடக் கூடியதாக இருக்கட்டும்.

தொப்பியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நேற்றுவரை போட்டு ஓடிய தொப்பியே போதும். மேலே சொன்ன கஸ்டவ் ஈடன், 2019இல் நீஸ் நகரில் 70.3 உலகப் பட்டத்தை வென்றபோது தலையில் இருந்தது டோக்கியோவில் கீழே கிடந்து எடுத்த ஒரு தொப்பி. தைவான் கோயில் ஒன்றின் பெயர் அதில் பொறித்திருந்தது. வென்றதும் அந்தக் கோயில் தொப்பிக்கு ஆட்கள் அலைமோதினார்கள்.

தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் போதும். கடலில் நீந்தி வந்த பிறகு அது தோலில் இருக்காது. குச்சி வடிவில் விற்கும் உராய்வுத் தடுப்புப் பாம், நீச்சலுக்கு முன் உலர்ந்த தோலில் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு பையிலிருந்தும் மறுபடி ஒரு முறை என்று தடவுவதே வேலைக்காகும். ஆண்கள் மார்புக்காம்பில் ஒட்டும் பிளாஸ்டரும் அப்படித்தான். கரையிலேயே உலர்ந்த தோலில் ஒட்டிவிட வேண்டும். ஈரத்தில் ஒட்டியது இரண்டாவது கிலோமீட்டரில் சட்டைக்குள் உருண்டுகொண்டிருக்கும்.

வாங்கிய உடையைச் சோதிப்பதற்கு வழி: ஈசிஆரில் சைக்கிள் ஓட்டப் போகும் காலையில், உடையை அணிந்து முதலில் முழுக்க நனைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் குளமானால் நல்லது, இல்லாவிட்டால் வாளித் தண்ணீரில் ஒரு கை உப்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டாலும் சரி. அப்படியே மூன்று நான்கு மணி நேரம் சைக்கிள், இறங்கியதும் ஒரு மணி நேர ஓட்டம். போட்டியன்று பையில் போடப்போகும் ஜெல், பாட்டில் எல்லாவற்றையும் பின்பக்கப் பையில் வைத்தே ஓடுங்கள். காலியாக இருக்கும்போது பொருந்துகிற பை, நிறைந்ததும் முதுகில் அடிக்கும். உலர்ந்த உடையில் செய்யும் சோதனை எதையும் சொல்லாது.

வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் காயப்போடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் இழைகளின் மேல் படிந்து, வியர்வையைப் பரப்பும் குணத்தையே மழுக்கிவிடும். குளத்துக் குளோரினும் மொட்டைமாடி வெயிலும் எலாஸ்டேனைத் தின்னும். பயிற்சிக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வது செலவுதான், ஆனால் போட்டி உடை நான்கைந்து ஆண்டு வரும். அவ்வப்போது உட்காரும் பகுதிக்குள் கையை விட்டு, துணியை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கைவிரல்கள் தெரிந்தால், பின்னால் வரும் சைக்கிள்காரர்களுக்கு அதைவிட அதிகம் தெரிகிறது என்று பொருள். அந்த உடையை இனி வீட்டு டிரெட்மில்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.